தட்டான்களின் வருகைப் பதிவேடு

அந்த அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கொடிக்கயிற்றில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பாதி வாக்கியத்தில் நிற்கும். ஒரு கையை மட்டும் லேசாக உயர்த்தி என்னையும் அசையாமல் இருக்கச் சொல்வார். தட்டான் பறந்துபோய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தாலும், விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவார். "அதனால புளி கொஞ்சம் தூக்கலாயிடுச்சு" என்பார். எந்தக் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு மறந்திருக்கும். அவருக்கு எதுவும் மறக்காது. அந்த வீட்டில் மறதி முழுவதையும் அவருடைய அம்மாவே எடுத்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், நாங்கள் சேலையூரில் அவர்கள் வீட்டின் பின்போர்ஷனுக்குக் குடிவந்தோம். எனக்கு இருபது வயது. கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. என் கணவருக்குக் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முன்போர்ஷனில் அக்காவும் அவர் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பாரிமுனையில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர், அம்மாவுக்காக வேலையை விட்டுவிட்டார்.

அவர் அம்மா ஓர் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மாதான். ஓய்வு பெற்ற சில வருடங்களில் அவருக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தார், பிறகு ஆட்களை மறந்தார், கடைசியில் ஓய்வு பெற்றதையே மறந்துவிட்டார். தினமும் காலை எட்டு மணிக்குச் சேலைக்குப் பின் குத்தி, தோளில் பையும் கையில் குடையுமாக கேட்டுக்கு வந்து நிற்பார். இரண்டு முறை யாருக்கும் தெரியாமல் வெளியே போய், ஒரு முறை ரயில் தண்டவாளத்தின் நடுவில் நின்றிருந்தாராம். அன்றிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. கிணற்றுக்கும் பலகை போட்டு மூடி அதன் மேல் கல் வைத்துவிட்டார்கள். கேட் சாவி ஒன்று ஷிப்டுக்குப் போகிற என் கணவரிடம் இருந்தது. இன்னொன்று அக்காவின் கழுத்தில், சிலுவைச் சங்கிலியோடு ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கியது. நான் கடைக்குப் போக வேண்டுமென்றால் அக்காவிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு பல நாள் வெங்காயம் இல்லாமலே சமைத்திருக்கிறேன்.

"டீச்சர், இன்னைக்கு லீவு" என்று அக்கா தினமும் சொல்வார். சொந்த அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிட்டார். அம்மா என்றால், "யாரு நீ? என் பொண்ணு ஆபீஸ் போயிருக்கா" என்று பதில் வரும். டீச்சர் என்றால் திரும்பிப் பார்ப்பார்.

"எதுக்கு லீவு?"

"மழை லீவு, டீச்சர்."

"மழை எங்க பெய்யுது?"

"காஞ்சிபுரத்துல பெய்யுதாம். ஜில்லா முழுக்க லீவு."

டீச்சரம்மா வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குடையை மடக்குவார். இப்படியே அந்த வீட்டில் ஆறு வருடம் மழை லீவாகவே போயிருந்தது.

அந்த ஆறு வருடத்தில்தான் அக்கா தட்டான்களை எண்ண ஆரம்பித்திருந்தார். அதற்கு அவர் வைத்திருந்தது டீச்சரம்மா எழுதாமல் மிச்சம் வைத்திருந்த ஒரு பள்ளி வருகைப் பதிவேடு. பிள்ளைகளின் பேர் எழுதுகிற இடத்தில் தட்டான்களின் பேர். பக்கத்தில் தேதிக் கட்டங்களில், வந்த நாளுக்கு ஒரு கோடு. பேரெல்லாம் அவரே வைத்தது. உடம்பெல்லாம் சிவப்பாக இருப்பது மிளகாய்ப்பழம். காக்கியும் பச்சையுமாக, மற்றத் தட்டான்களையே பிடித்துத் தின்பது போலீஸ்காரர். ரோஸ் பவுடர் என்று ஒன்று, பித்தளை என்று ஒன்று, சாக்கடை ஆரஞ்சு என்று ஒன்று. கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை போட்டது போதகர். ஊசி மாதிரி மெலிந்த சின்னத் தட்டான்கள் மட்டும் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. மொத்தம் முப்பத்து நாலு பேர்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது தேன் கண்ணாடி. சிறகு முழுக்கத் தேன் தடவியது போலிருக்கும், நடுவில் மைக்கறை போல ஒரு தீற்றல். வருடத்தில் நாலைந்து நாள்தான் வரும். "இது இந்த காம்பவுண்டுக்கு மட்டும்தான் வருதுன்னு நினைக்கிறேன்" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் பெருமைப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பேர் எழுத அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. காம்பவுண்டு சுவருக்குள்ளே வந்திருக்க வேண்டும். வந்தது உட்கார்ந்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடிக்கு மேலே நூற்றுக்கணக்கில் ஒரு மஞ்சள் தட்டான் கூட்டம் பறக்கும். தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அக்கா அதை எழுதவே இல்லை.

"இவ்ளோ இருக்கே, எழுதலாமேக்கா" என்றேன்.

"எங்க உட்காருது? ரெக்கை எப்படி, முதுகு எப்படின்னு நான் பார்க்கலையே. உட்காரட்டும், எழுதறேன்."

இதுதான் அவர் குணம். தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். பக்கத்துத் தெருப் பெண் ஓடிப்போய்விட்டாள் என்று யாராவது சொன்னால், "நீங்க பார்த்தீங்களா?" என்பார். அதற்கு மேல் யாரால் என்ன பேச முடியும்? இளவயதில் ஒரு மாப்பிள்ளை வந்தபோது, பையனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்று தரகர் சொல்ல, இவர் அதே கேள்வியைக் கேட்டாராம். தரகர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். அந்த வாய்தான் இவரை இப்படி உட்கார்த்திவைத்தது என்பது தெருவின் தீர்ப்பு.

காய்கறிக் கூடைக்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்றபடி கம்பிகளின் இடையில் காய் கொடுப்பார். "இந்தக் கண்ணுகிட்ட வெண்டிக்கா பிஞ்சுன்னு சொன்னா நம்பாது. ஒவ்வொண்ணா மூக்க ஒடிச்சுப் பாத்துதான் வாங்கும். ஒடிச்சது எல்லாம் என் தலையில. எனக்கு ஒரே பேஜாரா கீதும்மா" என்று என்னிடம் புகார் சொல்வார்.

"முத்தலும் இருக்குதே" என்பார் அக்கா, உடைந்ததைக் காட்டி.

"நீ இன்னா, தட்டானுக்குத்தான் பேர் வெச்சுகினு கீறேன்னு பாத்தா வெண்டிக்காய்க்கும் ஆஜர் எடுக்கிறியே."

ஆஜர் எடுத்தவர் உண்மையில் டீச்சரம்மா. சில நாள் மத்தியானம் அந்தப் பதிவேடு அவர் கையில் சிக்கிவிடும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேர் கூப்பிடுவார்.

"போலீஸ்காரர்."

"உள்ளேன் டீச்சர்" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"ரோஸ் பவுடர்."

"உள்ளேன் டீச்சர்."

"என்ன பேருடி இதெல்லாம்? எந்த ஊர்ப் பிள்ளைங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போவார். முப்பத்து நாலு பேருக்கும் அக்காவே பதில் சொல்வார். ஒரு பேருக்குப் பதில் வரவில்லையென்றால் டீச்சரம்மா தேடிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று பயம். எனக்குத் துணி துவைக்கிற கல்லருகில் அது கேட்கும். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வருவதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் சபையின் போதகர் வீட்டுக்கே வந்து இருவருக்கும் நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். அவர்தான் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, சபையில் இருந்த ஒரு கல்லூரி வாத்தியாரிடம் சொன்னார். அந்த வாத்தியார் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் எத்தனை வகைத் தட்டான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தார். நல்ல மனிதர். அக்கா கேட்டைத் திறந்து அவரை உள்ளே விட்டு உடனே பூட்டியபோது, அவர் பூட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

காப்பி கொண்டுபோகிற சாக்கில் நானும் வாசல்பக்கம் நின்றேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அக்கா கலர் பென்சிலில் வரைந்திருந்த படங்களை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். "எந்தப் புத்தகமும் இல்லாம இவ்வளவு சரியா வரைஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லலாமா? இந்த மிளகாய்ப்பழமும் இந்தத் தவிட்டு மஞ்சளும் வேற வேற இல்லை. ஒரே வகை."

"கலரே வேற."

"சிவப்பு ஆண். மஞ்சள், வந்து, அதோட குடும்பம்." கல்யாணமாகாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காது சிவந்துவிட்டது. "ரோஸ் பவுடரும் பித்தளையும் அப்படித்தான். இந்தப் போதகருக்கு அந்தத் தேன் கண்ணாடி. ஏழெட்டு ஜோடி இருக்கும்போல இதுல."

அக்கா பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்திருக்கேன். ஏரியில தண்ணி ஓரமா சேர்ந்து பறக்கும். ஆணுங்க தண்ணிய விட்டு அதிகமா வராது. தண்ணி இல்லாத இடத்துக்கு ஒதுங்கி வர்றது பெரும்பாலும் பொண்ணுங்களும் இளசுங்களும்தான். உங்க காம்பவுண்டுல தண்ணி இல்லையே. அதான் ஜோடியா நீங்க பார்க்க முடியல."

பலகை போட்டு மூடிய கிணறு அவருக்குப் பின்னால்தான் இருந்தது.

"ஏரி இங்கேருந்து பத்து நிமிஷ நடைதான், சிஸ்டர். பத்து மணிக்கு மேல வெயில் ஏறினதும் ஒரு நாள் வந்து பாருங்க. நீங்களே சொல்லிடுவீங்க."

அக்கா பதிவேட்டை மூடினார். அவரை அனுப்பிவிட்டு கேட்டைப் பூட்டினார். அன்று பதிவேட்டில் ஒரு பேரையும் அடிக்கவில்லை. ஆனால் அடுத்த சில நாட்கள் கொடியில் தட்டான் வந்து உட்கார்ந்தபோது அவர் பேச்சை நிறுத்தவில்லை. பார்த்தார், பேசிக்கொண்டே இருந்தார். அது எனக்கு என்னவோ போல இருந்தது.

ஒரு வாரம் கழித்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு சனிக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம். அம்மாகூட நீ இருப்பியா?"

நான் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரு கரண்டி சர்க்கரைகூட. "நீங்க போயிட்டு வாங்கக்கா" என்றேன். அப்படிச் சொன்னபோது என்னை நான் பெரிய மனுஷியாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை டீச்சரம்மாவின் எட்டு மணி புறப்பாட்டை அக்காவே சமாளித்து, இட்லி கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, கழுத்திலிருந்து சாவிக் கயிற்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எழுந்துட்டா கேட்டைத் திறக்கச் சொல்வாங்க. அழுவாங்க. திட்டுவாங்க. என்ன சொன்னாலும் திறக்காத. லீவுன்னு சொல்லு, போதும்." வெளியே போய் நின்றுகொண்டு, நான் உள்ளேயிருந்து பூட்டுவதைப் பார்த்தார். பிறகு இழுத்தும் பார்த்தார். வலது பக்கம் திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்ததும் அவர் நடை மாறியது. ஏறக்குறைய ஓடினார்.

பூட்டின சத்தத்தில்தான் டீச்சரம்மா எழுந்திருக்க வேண்டும். கால்மணி நேரத்தில் சேலைக்குப் பின் குத்தி, பையும் குடையுமாக வந்துவிட்டார்.

"கேட்டைத் தொற."

"இன்னைக்கு லீவு டீச்சர்."

"என்ன கிழமை?"

"சனிக்கிழமை டீச்சர்."

"போன வாரம் மழைக்கு ஒரு நாள் விட்டாச்சு. அதுக்கு ஈடு இந்தச் சனிக்கிழமை ஸ்கூல் உண்டு. சர்க்குலர்ல கையெழுத்துப் போட்டவ நான். எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

அப்படிச் சனிக்கிழமைப் பள்ளிக்கு நானும் போயிருக்கிறேன்.

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"பத்தாவது, டீச்சர்."

"பாஸா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கணக்கில் போனது. அதை என் கணவரிடம்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

"நிமிர்ந்து நில்லு. ஃபெயிலாயிட்டு வீட்டுல உக்காந்துகிட்டு நீ எனக்கு லீவு விடறியா? கேட்டைத் தொறடி."

இதை எத்தனையோ முறை எனக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அவருக்கு மறதி என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இல்லை என்பது தெரியும். அக்கா சொன்னது அப்படியே காதில் இருந்தது. இருந்தும் என் கை பூட்டைத் திறந்தது. டீச்சர் சொன்னால் செய்ய வேண்டும் என்பது என் அறிவைவிட ஆழத்தில் எங்கோ இருந்திருக்கிறது. அவர் தன் பையை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் முன்னால் நடக்க, மூன்றடி பின்னால், பை தூக்குகிற பிள்ளையாக நான் நடந்தேன். கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. டீச்சர் கையை எப்படிப் பிடிப்பது?

மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் பத்துப் பதினைந்து பேர் பஸ்ஸுக்காகச் சிதறி நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் டீச்சரம்மாவுக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் மூடியிருந்த ஒரு கடையின் உயரமான படியில் ஏறி நின்று குடையால் தட்டினார்.

"என்ன இது, சந்தையா? உயரப்படி நில்லுங்க. பிரேயருக்கு நேரமாச்சு."

ஜனங்கள் சிரித்தார்கள். லுங்கி கட்டிய ஒருவர், "இன்னா டீச்சர், குள்ளமா கீறவன் முன்னாலயா?" என்று கேட்டு, விளையாட்டாக வரிசையில் நின்றார். இன்னும் நாலு பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவர் கைகூடக் கட்டிக்கொண்டார். டீச்சரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் படி இல்லை.

சிரித்தவர்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கும்போது அவர் போட்ட சத்தத்தில் கீழேயே விட்டுவிட்டார்கள். அக்கா ஏரியில் இருப்பதை நான் சொன்னதும், லுங்கி கட்டியவர் யாரோ ஒருவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு ஏரிப்பக்கம் போனார். நான் டீச்சரம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். "பெல் அடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா வந்தபோது செருப்பு கையில் இருந்தது. கணுக்கால் வரை சேறு. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "சாவி எங்க?" என்று மட்டும் கேட்டார். நான் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இந்த வயசுக்கு ஆபரேஷன் தாங்காது, படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போடப்பட்டது. இனி டீச்சரம்மா எழுந்து நடக்கப்போவதில்லை என்பதால் கேட்டுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. கேட் திறந்தே கிடந்தது. தெரு நாய்கள் உள்ளே வந்து படுத்தன. ஆனால் அக்கா அதற்கு முன்னாவது பூட்டின கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தெருவைப் பார்ப்பார். இப்போது அங்கேயும் வருவதில்லை. புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, புண்ணுக்குப் பவுடர் போடுவது, மறுபடி புரட்டுவது என்று ஒரு நாளில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் அவருக்குக் கிடைக்காது.

கூடைக்காரம்மா இப்போது கூடையோடு உள்ளேயே வந்துவிடுவார். "அதான் பூட்டு இல்லியே கண்ணு. நா ஒரு அவர் குந்திகினு கீறேன், நீ காத்தாட எங்கனா போய்ட்டு வாயேன்" என்றார் ஒருநாள்.

"இருக்கட்டும்" என்றார் அக்கா. அன்று வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். கூடைக்காரம்மா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

நான் ஒரு மாதம் முன்பக்கம் போகவே இல்லை. பிறகு ஒருநாள் அவர் தூக்கமுடியாமல் கூப்பிட்டபோது போய், டீச்சரம்மாவின் காலைப் பிடித்துத் திருப்பிப் போட்டோம். அப்போதுதான் கேட்டேன். "அன்னைக்கு ஏரியில பார்த்தீங்களாக்கா?"

"மேகமா இருந்தது. ஒண்ணுமே வரல. வெயில் வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்." போர்வையின் சுருக்கத்தை நீவினார். "வெயில் வந்தப்பதான் சைக்கிளும் வந்தது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்த நேரத்தில், நான் ஏரிக்குப் போனேன். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. கோரைப்புல் ஓரமாகத் தண்ணீரில் இறங்கி நின்றேன். எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாம்மா, மூக்குத்தி கீக்குத்தி உட்டுட்டியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நின்றேன்.

வெயில் ஏறியதும் வந்தன. மிளகாய்ப்பழங்கள், காம்பவுண்டில் ஒன்றும் இரண்டுமாகப் பார்த்தவை, இங்கே கோரைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒரு தவிட்டு மஞ்சள் தண்ணீருக்கு மேலே வந்ததும் ஒரு மிளகாய்ப்பழம் பாய்ந்து அதைப் பற்றியது. இரண்டும் ஒரே வளையமாகப் பறந்தன. பிறகு பிரிந்து, மஞ்சள் வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்ப, சிவப்பு அதன் தலைக்கு மேலேயே காவல் பறந்தது. வாத்தியார் சொன்னது சரிதான்.

அக்காவிடம் சொன்னேன். அவர் விசாரித்த விதத்தில் போலீஸே தோற்றுவிடும்.

"எவ்ளோ கிட்டத்துல பார்த்த?"

"நாலடி இருக்கும்க்கா."

"ரெக்கை அடியில மஞ்சள் கறை?"

"ரெண்டுக்கும் இருந்தது."

"எத்தனை தடவை பார்த்த?"

"மூணு தடவை. வேற வேற ஜோடி."

கட்டிலுக்கு அடியிலிருந்து பதிவேட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்து, சிவப்புப் பேனாவால், தவிட்டு மஞ்சள் என்ற பேரின் மேல் ஒரு கோடு போட்டார். முப்பத்து மூன்று.

எனக்கு மனசு லேசாகிப் பின்பக்கம் வந்தேன். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. தான் பார்க்காததை ஒருநாளும் எழுதாதவர், நான் பார்த்ததை வைத்து அடித்திருக்கிறார். இனி தான் போய்ப் பார்க்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போக வேண்டியதாயிற்று. "இந்த வாரம் ரோஸ் பவுடரைப் பாரு" என்று அக்கா சொல்லி அனுப்புவார். நான் பார்த்துவிட்டு வருவேன், அவர் விசாரிப்பார், ஒரு கோடு விழும். பித்தளை போனது. ஊசித்தட்டான்களில் இரண்டு போயின. முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பது. உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். அக்கா சரி என்றுதான் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் முன்னறை ஜன்னலில் அவர் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. மறுவாரம் போய்விட்டேன். கொடியில் தட்டான்கள் எப்போதும்போல வந்து உட்கார்ந்தன. அக்கா அவற்றைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். நான் ஒவ்வொரு முறை சொல்ல வாயெடுக்கும்போதும் அவர் கண்ணில் ஓர் ஆவல் வரும், கோடு போட்டதும் அது அணைந்துவிடும். ஆறு வருடம் அவர் சேர்த்ததை வாரம் ஒன்றாக நான் திருடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

கடைசியில், "போதகரைப் பாரு" என்றார். தேன் கண்ணாடி என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறு நல்ல வெயில். முழங்கால் வரை இறங்கி நின்றேன். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த காலம், கோரைக்குள் சேறு. போதகர்கள் ஏழெட்டு இருந்தன. வெகுநேரம் கழித்து ஒரு தேன் கண்ணாடி வந்தது. போதகர் அதைப் பற்றியதையும், இரண்டும் ஒரு கோரையில் வளையமாக உட்கார்ந்ததையும், கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அக்கா என்ன கேட்டாலும் பதில் சொல்லியிருக்க முடியும்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா பதிவேட்டையும் ஸ்கேலையும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பேனாவின் மூடி கழற்றியிருந்தது.

"பார்த்தியா?"

"இல்லக்கா."

"போதகர் வரலையா?"

"வந்தது. அது மட்டும்தான் வந்தது."

எனக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அங்கேதான் பார்த்தார். என் சேலை ஓரம் முழுக்க, முழங்கால் வரை, ஏரிச் சேறு அப்பியிருந்தது.

"எவ்ளோ நேரம் நின்ன?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"ரெண்டு மணி நேரமும் ஒண்ணும் பார்க்கல."

"பார்க்கலக்கா."

அவர் கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். எவ்வளவு கிட்டத்தில் நின்றாய், வெயில் இருந்ததா, கோரைப்பக்கமா மதகுப்பக்கமா. கேட்டிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. கட்டிலில் டீச்சரம்மா ஏதோ முனகினார். அக்கா பேனாவை மூடினார்.

"பார்க்கலைன்னா பார்க்கலதான்" என்றார். பதிவேட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அம்மாவைத் திருப்பிப் போட எழுந்தார். உதவிக்கு நானும் ஓரடி எடுத்து வைத்தேன்.

"நீ போய் முதல்ல காலைக் கழுவு" என்றார், என் பக்கம் திரும்பாமல். "சேறு காய்ஞ்சா அரிக்கும்."